மேட்டில் மட்டும் படுத்துக்கொள்ளும் சிவப்பு வண்டி

அத்தியாயம் 6

"என் மருமகன் என்னைக் கொல்லப் பாக்கறான்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து இந்த மாதிரி விஷயம் சொல்கிறவர்கள் தரையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் என் சித்தியைப் பார்ப்பார்கள். இவர் என்னவோ என் வாயைப் பார்த்தார். நான் மரியாதையாக மூடிக்கொண்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதால் சித்தியே திரும்பிப் பார்த்தாள்.

"கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது சொத்தை" என்றார் பெரியவர். "விட்டுடாதீங்க தம்பி."

ஆளைப் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த சட்டை, பளபளவென்று துடைத்த ஷூ, ஒரு நகத்தில்கூட அழுக்கில்லை. பல் டாக்டர், ஓய்வு பெற்றவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஓய்வு பெற்றது அவர்தானே தவிர அவருடைய கண் ஓய்வு பெறவில்லை.

சித்தி என்றால் என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில், நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, இது விபத்து, இது புளுகு என்று பிரித்துச் சொல்லியே தலை நரைத்தவள். வேலையை விட்டதும் இந்த அலுவலகத்தைத் திறந்தாள். நான் உதவியாளன். வாடிக்கையாளர் முன்னால் 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் உத்தரவு. நானும் சேர்ந்த நாளிலிருந்து முயற்சி செய்கிறேன், வாயில் சித்தி என்றே வந்து தொலைக்கிறது. போன வாரம்தான் காணாமல் போன பூனையை அதன் சொந்தக்காரியின் பீரோவுக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுத்திருந்தோம். அடுத்தது கொலை முயற்சி என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

டாக்டர் சொன்ன கதை இது. அவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். மனைவி இறந்த பிறகு அவருக்குத் துணை அந்த வண்டியும், ஒரே மகளும்தான். மகள் ஊரின் மேல்பகுதியில், ஒரு நீண்ட மேட்டின் உச்சியில் குடியிருக்கிறாள். அவள் கணவர் கிதார் சொல்லிக்கொடுக்கிறவர். அந்த வார்த்தையைச் சொல்லும்போது டாக்டர் முகம் கசந்து போனதைப் பார்க்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளைப் பார்க்கப் போவார். கொஞ்ச நாளாக, அந்த மேட்டில் ஏறும்போது வண்டி திடீரென்று வேகம் செத்துவிடுகிறது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும் எஞ்சின் முனகுகிறதே தவிர இழுப்பதில்லை. அதே நொடியில் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு, பிரேக் விளக்கு, பேட்டரி விளக்கு, சறுக்கல் விளக்கு என்று இருக்கிற எல்லாம் ஒன்றாகக் கண்ணைத் திறக்கின்றன. போன தடவை பின்னால் வந்த லாரி மயிரிழையில் விலகிப் போனதாம். மூன்று ஒர்க்‌ஷாப் பார்த்தாயிற்று. ஒருத்தர் பேட்டரியை மாற்றினார், ஒருத்தர் பிளக்கை மாற்றினார், இன்னொருத்தர் காற்றை உள்ளே விடுகிற சமாச்சாரத்தையே கழற்றிப் புதிதாகப் போட்டார். சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் வண்டி சொன்ன பேச்சு கேட்கிறது. மேட்டுக்குப் போனால் படுத்துக்கொள்கிறது.

"ஊருக்குள்ள எங்கயும் நிக்கறதில்ல. அவன் வீட்டு மேட்டுல மட்டும் நிக்குது" என்றார் டாக்டர். "நின்ன உடனே அவன் ஓடி வர்றான். ஆட்டோவைக் கூப்பிட்டு, நீங்க மேல போங்க மாமா, நான் பாத்துக்கறேன்கறான். நான் மேல போய் ஒரு காபி குடிக்கறதுக்குள்ள வண்டியை ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தறான். மூணு மெக்கானிக்கால முடியாதது கிதார் வாசிக்கறவனுக்கு எப்படி முடியுது? நிறுத்தத் தெரிஞ்சவனுக்குத்தானே ஓட்டத் தெரியும்?"

நியாயமான கேள்விதான். எனக்கே கிதார் மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்துவிட்டது.

எதற்காகச் செய்ய வேண்டும் என்று சித்தி கேட்டாள். டாக்டர் குரல் இறங்கியது. "நான் அங்க வர்றது அவனுக்குப் பிடிக்கல" என்று மட்டும் சொன்னார். மகளும் கணவனைக் கேட்டிருக்கிறாள். அவர் வாயே திறக்கவில்லை. அதனால் அவளும் பயந்து போய், அப்பாவோடு வந்துவிடுவதாகச் சொல்லிப் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். இன்று மாலையே போய் அழைத்து வருவது, அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன், இதுதான் டாக்டரின் திட்டம். கையில் ஓர் ஆதாரம் இருந்தால் போதும், மருமகனைக் கம்பி எண்ண வைத்துவிடுவார். ஆதாரம் எடுத்துக் கொடுக்கத்தான் நாங்கள்.

ஒரு கல்யாணம் இன்று சாயங்காலத்தோடு முடியப்போகிறது என்று தெரிந்தும் சித்தி பதறவில்லை. இரண்டே கேள்வி கேட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாக வருகிறதா, ஒரே நேரத்திலா? ஒரே நேரத்தில்தான் என்றார் டாக்டர். வண்டியை யார் கழுவுகிறார்கள்? இதற்கு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வண்டியை வேறு ஒருத்தர் தொட விடுவாராமா? மகளைப் பார்க்கப் போவதற்கு முன்னால், குழாய் பிடித்து, கூரையிலிருந்து சக்கரம் வரைக்கும் அவரே கழுவுவார். இன்றும் கழுவியாயிற்று.

"என்ன சோப்புன்னும் கேட்டுடுங்க சித்தி. கொலைகாரன் சிக்கிடுவான்" என்றேன்.

சித்தி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் வீடு ஆஸ்பத்திரிச் சுத்தம். ஆனால் எனக்கு என்னவோ வித்தியாசமாகப் பட்டது. சுவரில் படம் மாட்டிக் கழற்றிய ஆணி ஓட்டைகள், நாற்காலிக் காலில் பூச்சி அரித்த ஓட்டைகள், பூந்தொட்டியின் விரிசல், பழைய கதவில் சாவி இல்லாத பூட்டுத் துவாரம் என்று எல்லாமே வெள்ளைப் பூச்சில் அடைக்கப்பட்டு, வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தன. என் விரலை ஒன்றின் மேல் ஓட்டிப் பார்த்தேன். சுவர் எங்கே முடிகிறது, பூச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"ஓட்டையைப் பாத்தா என் கை சும்மா இருக்காது" என்றார் டாக்டர் பெருமையாக. "நான் அடைச்சதுல இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பேந்து வந்ததில்ல."

நான் தலையாட்டிவிட்டுக் கார் ஷெட்டுக்குள் போனேன். அடடா, என்ன வண்டி அது. தாழ்ந்து, அகன்று, வயசானாலும் திமிர் குறையாமல் நின்றுகொண்டிருந்தது. நான் அதைச் சுற்றி வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில், சித்தி இன்சூரன்ஸ் காலத்துச் சின்ன மீட்டரை எடுத்து வந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினாள். வண்டி தன் நோயை அதுவே சொல்லும் கருவி அது. என்னை வாசிக்கச் சொன்னாள். காற்று அளக்கும் சென்சார் கோளாறு, பிரேக் சென்சார் கோளாறு, சக்கர சென்சார் கோளாறு, ஸ்டீயரிங் சென்சார் கோளாறு என்று போய்க்கொண்டே இருந்தது.

"சித்தி, இதைப் பாத்தா இந்த வண்டியில ஹாரனைத் தவிர எதுவும் உயிரோட இல்ல" என்றேன்.

"இத்தனை பேரும் ஒரே நேரத்துல தப்பாச் சொன்னா, ஒவ்வொருத்தனையா சந்தேகப்படக் கூடாதுடா. இவங்க எல்லாரும் யார் மூலமா பேசறாங்களோ, அந்த ஒருத்தனைப் பாக்கணும்" என்றாள் சித்தி. மூன்று மெக்கானிக்கும் ஆளுக்கொரு சாட்சியைப் பிடித்து உதைத்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. அந்த ஒருத்தன் யார் என்று கேட்டதற்கு, மேட்டில் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு பேர்தான் உட்காரலாம் என்பதால் நான் டாக்டர் பக்கத்தில் ஏறினேன். சித்தி என் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தாள். வெளியே நல்ல வெயில், வண்டிக்குள்ளே கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. டாக்டர் ஒரு மஞ்சள் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். ரொம்ப நாளாக இப்படித்தான், பழைய வண்டி என்றால் கொஞ்சம் மூச்சு விடும் என்று அவரே சமாதானமும் சொன்னார். ஒரு திருப்பத்தில் 'களக்' என்று ஒரு சத்தம் கேட்டது. என் வயிறுதான் என்று நினைத்து வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். அடுத்த திருப்பத்திலும் 'களக்'. நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். மதியம் நான் ஒன்றும் அப்படிச் சாப்பிட்டிருக்கவில்லையே என்று மனசுக்குள் ஒரு குழப்பம்.

மேடு வந்தது. வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. பாதி தூரம்கூடப் போயிருக்காது, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் செத்தது. டாஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. டாக்டர் காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார், எஞ்சின் முனகியது. அந்த நேரம் பார்த்து, சித்தி என் ஓட்டை ஸ்கூட்டரில் எங்களைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் கையை வேறு ஆட்டினாள். அந்த ஸ்போர்ட்ஸ் காரின் வாழ்க்கையிலேயே அதைவிடப் பெரிய அவமானம் நடந்திருக்காது.

வண்டியை ஓரம் கட்டினோம். சித்தி வந்து என்னைக் கீழே இறங்கச் சொன்னாள். வழியில் வேறு ஏதாவது கவனித்தாயா என்று கேட்டாள். கண்ணாடிப் பனியைச் சொன்னேன். கொஞ்சம் தயங்கி, வயிற்றுச் சத்தத்தையும் சொன்னேன்.

"அது உன் வயிறு இல்லடா" என்றாள் சித்தி. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

என் இருக்கையை முன்னால் தள்ளி, பின்னாலிருந்த தரைவிரிப்பைத் தூக்கினாள். விரிப்பு சொதசொதவென்று ஊறிக் கனத்தது. அடியில் ஒரு மூடி. மூடியைத் திறந்தால் ஒரு பள்ளம், பள்ளத்தில் தண்ணீர். மேட்டில் வண்டி மூக்கைத் தூக்கி நின்றதால் தண்ணீர் முழுவதும் பின்பக்கம் வந்து, அங்கே இருந்த ஓர் அலுமினியப் பெட்டியை நனைத்துக்கொண்டிருந்தது. வண்டியின் மூளை அந்தப் பெட்டிதான், எல்லா சென்சாரும் அதன் வழியாகத்தான் பேசும் என்றாள் சித்தி. ஆனால் எங்கள் கண்ணில் முதலில் பட்டது அதுவல்ல. பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, ரப்பர் பேண்டுகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

டாக்டர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. அவர் கட்டவில்லை. மூன்று மெக்கானிக்கும் இந்தப் பள்ளத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியென்றால் கட்டியது யார்? தண்ணீரை ஊற்றியது யார்? சித்தி வாயைத் திறப்பதற்குள் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

"துணிப் பெட்டியை எடுத்துக்கிட்டு மேட்டுல இறங்கி வாம்மா. ஆதாரம் கிடைச்சிடுச்சு."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. யாரோ ஒரு பெண் மேலே அழுதுகொண்டே பெட்டியின் பூட்டை மாட்டிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. சித்தியோ பிளாஸ்டிக் பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், இந்தப் பையை எந்தப் பக்கம் கட்டியிருக்கு பாருங்க. மேல இருந்து தண்ணி விழாம இருக்கக் கட்டியிருக்கு. குடை பிடிச்சவனைப் பிடிச்சு, மழையே உன்னாலதான்னு சொல்றீங்க."

"அப்ப மழை எங்கேருந்து வருது?" என்றார் டாக்டர் எரிச்சலாக.

சித்தி தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, என்னை ரோட்டில் படுத்து வண்டிக்கு அடியில் பார்க்கச் சொன்னாள். என் சட்டை அன்றுதான் இஸ்திரி போட்டது, அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. துணிக்கூரை மடிகிற இடத்தில், அதன் அடியோரமாக ஒரு வாய்க்கால் மாதிரி ஓடியது. கூரையில் விழும் தண்ணீர் அதில் வடிந்து, ஓட்டைகள் வழியாக ரோட்டில் சொட்ட வேண்டும். சித்தி பாட்டில் முழுவதையும் அதில் ஊற்றினாள். நான் கன்னத்தைத் தாரில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே, இருக்கைக்குப் பின்னால்தான் 'களக்' என்றது.

"ஓட்டையைக் காணோமே டாக்டர்" என்றாள் சித்தி. அவர் கையைப் பிடித்து அந்த வாய்க்காலில் வைத்தாள். "தடவிப் பாருங்க."

டாக்டர் தடவினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் நின்றது. குனிந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாத அருமையான கைவேலை. ஆயிரம் பேர் வாயில் செய்த கை, தன் வேலையைத் தனக்கே தெரியாதென்று எப்படிச் சொல்லும்? அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சொத்தைன்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக. "துருப் பிடிச்சு ஓட்டை விழுந்திருக்குன்னு நினைச்சு..."

"ரெண்டு பக்கமும், ஒரே அளவுல, ஒரே இடைவெளியில சொத்தை வருமா டாக்டர்?"

டாக்டர் வண்டியின் மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றார். இவ்வளவு நேரம் அவர் மேல் எனக்கிருந்த கடுப்பெல்லாம் போய், ஐயோ பாவம் என்றாகிவிட்டது. கொலைகாரனைத் தேடி எங்களைக் கூட்டி வந்தவர், தானே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாரே.

அப்போதுதான் மேலிருந்து ஒருவர் ஓடி வந்தார். நீள முடி, ஒரு கையில் ஸ்பாஞ்சு, மறு கையில் துண்டு, கக்கத்தில் ஒரு கைவிசிறி. எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். விசிறி கீழே விழுந்தது. கிதார் மாப்பிள்ளை இவர்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் சுருதி இறங்கியது வீட்டுக்குக் கேட்டதாம், அதனால் வந்தாராம். அவருக்குப் பின்னாலேயே, பெட்டியைத் தள்ளிக்கொண்டு டாக்டரின் மகள் வந்தாள். அழுது சிவந்த கண்.

அவள் வண்டியைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். கணவர் கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் துண்டை எடுத்துக்கிட்டு ஓடினீங்களா?" என்றாள்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மாமாவை மேலே அனுப்பிவிட்டு, தண்ணீரை ஒற்றி எடுத்து, விசிறியால் விசிறிக் காயவைத்து, பையைக் கட்டி, வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவது அவர்தான். அடைப்பு எங்கே என்று எப்படித் தெரிந்தது என்று சித்தி கேட்டாள்.

"என் கடவாப் பல்லுல இருக்கறதும் அதே பூச்சுதான் மேடம். தினமும் நாக்குல படுது. தொட்டதுமே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சு, நான் அடைச்சது ஒண்ணுகூடப் பேந்ததில்லன்னு சொன்னவர் மேடம் அவர். அவர்கிட்ட போய், நீங்க அடைச்சதாலதான் வண்டி நிக்குதுன்னு எப்படிச் சொல்றது? நானே பிடுங்கிடலாம்னும் பாத்தேன். வரல."

"வராது" என்று முணுமுணுத்தார் டாக்டர். அந்த நிலைமையிலும் அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சித்தி என் காலை மிதித்தாள்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முதலில் கணவரைப் பிடித்தாள். அப்பா உங்களைக் கொலைகாரன் என்கிறார், நான் அழுது அழுது கேட்டேன், ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, நான் என்னவென்று நினைப்பது என்று கேட்டாள். பெட்டி கட்டும்போதுகூடப் பேசவில்லையே என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. அப்புறம் அப்பா பக்கம் திரும்பினாள். எத்தனையோ தடவை அதே வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தவர், மருமகனிடம் நேராக ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே?

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாரத்துல அந்த ஒரு நாள்தாம்மா எனக்கு. அதுவும் நின்னு போச்சுன்னா நான் எங்க போவேன்? அவர் என்னை வர விடாம பண்றார்னு பயந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

 

டாக்டர் டாஷ்போர்டு அறையைத் திறந்து, ஒரு சின்னத் தோல் பையை எடுத்தார். அதிலிருந்த மெல்லிய கம்பிக் கருவியோடு வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். மாப்பிள்ளை கேட்காமலேயே செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார். தான் அடைத்ததைத் தானே சுரண்டி எடுப்பது டாக்டருக்கு எவ்வளவு வலித்தது என்று அவர் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டையாகத் திறந்துகொண்டது. சித்தி மறுபடியும் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினாள். இந்தத் தடவை அது ஒழுங்காக ரோட்டில் சொட்டியது. பள்ளத்தில் இருந்த தண்ணீரை மாப்பிள்ளை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தார், டாக்டர் துண்டால் துடைத்தார், விசிறியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். துப்பறியும் தொழிலில் இதுவும் உண்டு என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

கை ஓய்ந்து போகும்வரை விசிறிய பிறகு, சித்தி சாவியைத் திருப்பினாள். எல்லா விளக்கும் எரிந்து, வழக்கம்போல ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்றுகூட மிச்சம் நிற்கவில்லை. எஞ்சின் உறுமியது.

அதுவரை தன் துணிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள். பெட்டியைத் தூக்கி ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். சித்தியை இறங்கச் சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். டாக்டர் பயந்து போய், எங்கேம்மா போகிறாய் என்று கேட்டார். மாப்பிள்ளைக்குக் கேட்கவே தைரியம் வரவில்லை.

"என் வீட்டுக்குத்தான். மேல இருக்கறதுக்கு" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் நடந்து வாங்க. என்கிட்டயும் சொல்லாம, ஒருத்தருக்கொருத்தரும் சொல்லாம வச்சிருக்கற எல்லாத்தையும் வழியிலயே பேசி முடிச்சுடுங்க. பாதியில வந்து நின்னா நான் கதவு திறக்க மாட்டேன்."

வண்டி ஒரு முனகல் இல்லாமல் மேட்டில் ஏறி, வளைவில் மறைந்தது. மாமனாரும் மருமகனும் ரோட்டோரம் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மாப்பிள்ளை ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். டாக்டர் மேட்டை அண்ணாந்து பார்த்தார். அது அவர் வயசுக்கு ஏறுகிற மேடு இல்லை.

சித்திக்கு விஷமம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்கூட்டரை எடுத்து வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினாள். "ஏறிக்கங்க டாக்டர், மேல விட்டுடறேன். பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடி முனையிலயே இறக்கி விடறேன்."

டாக்டர் ஸ்கூட்டரைப் பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு ரோட்டைத் தாண்டி மருமகன் பக்கம் போனார்.

"வேணாம்மா" என்றார். "நான் மாப்பிள்ளையோட நடந்தே வர்றேன்."